லாஸ் வேகஸ் ஸ்டார் ட்ரெக் மாநாடு: குணச்சித்திர நடிகரைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களுக்காக லாஸ் வேகஸில் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் ரசிகர் மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேடையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கேப்டன் வேட நடிகர்களில் யார் வந்தார், என்ன பேசினார், அவரோடு படம் எடுக்க எத்தனை டாலர் என்பதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த மாநாட்டில் கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும் இடம் மேடை இல்லை. விற்பனைக் கூடத்தின் ஓரத்தில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பத்துப் பன்னிரண்டு புகைப்பட அடுக்குகளோடு உட்கார்ந்திருக்கும் குணச்சித்திர நடிகரின் மேசைதான் அது. இந்த விமர்சனம் அந்த மேசைக்காக மட்டும் போகிறவர்களுக்கு.

யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதற்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜெஃப்ரி கோம்ஸ். தொடரை மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. ஊன்றிப் பார்த்தவர்கள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்டார் ட்ரெக் வரிசையின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வேயூன், அதே தொடரில் வரி வசூல்காரன் போலக் குடைச்சல் கொடுக்கும் பிரண்ட், பிறகு 'எண்டர்பிரைஸ்' தொடரில் நீல நிறத் தளபதி ஷ்ரான். இவை தவிர ஓரிரு பகுதிகளில் மட்டும் தலைகாட்டிய வேடங்கள் தனி. வேயூன் முதன்முதலில் வந்தது 1996இல், அந்த ஒரே பகுதியிலேயே செத்தும் போகிறான். நடிப்பு அவ்வளவு எடுபட்டதால் அந்தப் பாத்திரத்தை நகலெடுத்துப் பிறக்கும் இனமாக மாற்றி அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். 1999இல் ஒரே பகுதியில் பிரண்டாகவும் வேயூனாகவும் இரண்டு வேடத்திலும் வந்தார். முகம் முழுக்க ரப்பர் ஒப்பனைக்குள் இருந்துகொண்டு குரலையும் கண்ணையும் மட்டும் வைத்து இரண்டு ஆட்களைத் தனித்தனியாகக் காட்டிய மனிதரிடம் கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. அதைக் கேட்க இடம் கொடுப்பது அந்த மேசைதான்.

மாநாட்டை நடத்துவது கிரியேஷன் எண்டர்டெயின்மென்ட். நியூயார்க்கைச் சேர்ந்த இரண்டு பதினான்கு வயதுப் பையன்கள் 1971இல் தொடங்கிய நிறுவனம். ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கென்றே நடந்த முதல் பெரிய மாநாடு 1972 ஜனவரியில் நியூயார்க் ஸ்டாட்லர் ஹில்டன் ஓட்டலில் கூடியது. சில நூறு பேர் வருவார்கள் என்று பார்த்தால் மூவாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். வேகஸ் மாநாடு முதலில் லாஸ் வேகஸ் ஹில்டனில் நடந்தது. 1998 முதல் 2008 வரை ஸ்டார் ட்ரெக் காட்சியரங்கம் இருந்ததும் அதே ஓட்டலில்தான். 2011இல் ரியோ ஓட்டலுக்கு மாறியது. 2022இல் ஒரு தடவை பேலிஸ் ஓட்டலுக்குப் போய்விட்டு மறு ஆண்டே ரியோவுக்குத் திரும்பியது.

ரியோ இருப்பது ஸ்டிரிப் என்னும் பெரிய சாலையில் இல்லை. ஃபிளமிங்கோ சாலையில் மேற்கே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் நடந்துவிடலாம் போலத் தெரியும். ஆகஸ்டில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் அந்த நடை வேண்டாம், வண்டி பிடியுங்கள். மாநாட்டுக் கூடம் ஓட்டலின் பின்பக்கம். அறையிலிருந்து அங்கே போய்ச் சேரவே நல்ல நடை இருக்கிறது, அதனால் "ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று எதையும் அறையில் விட்டுவராதீர்கள். வெளியே கொதிக்கிற அளவுக்கு உள்ளே ஏசி நடுக்கும். பருத்தி மேல்சட்டை ஒன்று கட்டாயம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: 21 வயதுக்குக் கீழுள்ளவர்கள் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது.

இனி டிக்கெட். இங்கேதான் நிறையப் பேர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். கோல்டு என்ற உயர்வகைத் தொகுப்பில் எல்லா நாளுக்கும் மேடைக்கு முன்னால் குறிப்பிட்ட ஒரே இருக்கையும், சில நடிகர்களின் கையெழுத்தும் சேர்த்துக் கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்கு வரிசை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒழுங்கான ஏற்பாடுதான், ஆனால் எந்திரம் போல நகரும். படத்தை வைத்தீர்கள், கையெழுத்து விழுந்தது, நகர்ந்தீர்கள். உங்கள் நோக்கம் ஒரே ஒரு குணச்சித்திர நடிகர் என்றால், தொகுப்பை வாங்குமுன் அதில் சேர்த்திருக்கும் கையெழுத்துப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகுப்பு உங்களுக்கு இல்லை. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் பொது அனுமதிச் சீட்டு போதும், அதுவே விற்பனைக் கூடத்துக்குள் விடும். மிச்சமாகும் பணத்தை மேசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாள் என்பது முக்கியம். அறிவிக்கப்பட்ட நடிகர்கள் எல்லோரும் எல்லா நாளும் இருப்பதில்லை. பெயர்ப் பட்டியல் மாதக்கணக்கில் முன்னதாகவே வந்துவிடும், நேர அட்டவணையோ கடைசி நேரத்தில்தான் முழுசாக வரும். ஒரு நாள் சீட்டை அட்டவணை வந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம். வர முடியாமல் போவதும் நடக்கும். படப்பிடிப்புத் தேதி மாறினால் நடிகர் அங்கேதான் போவார், அது அவர் பிழைப்பு. அப்படி நேர்ந்தால் பொதுவாகத் தனியாக வாங்கிய போட்டோ ஆப் (நடிகரோடு நின்று எடுக்கும் தொழில்முறைப் படம்) பணம் திரும்பி வரும், நுழைவுச் சீட்டுப் பணம் வராது. விமானச் சீட்டையும் அறையையும் மாற்றக்கூடிய வகையில் எடுப்பது இதற்காகத்தான். 2023இல் அமெரிக்க நடிகர் சங்க வேலைநிறுத்தம் ஜூலை 14இல் தொடங்கி நவம்பர் 9 வரை போனது, மாநாடு அதற்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. அப்போது நடிகர்கள் வரலாம், கையெழுத்துப் போடலாம், ஆனால் வேலைநிறுத்தத்துக்கு உட்பட்ட படைப்புகளை விளம்பரப்படுத்தக் கூடாது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் மேசையில் என்ன கேட்கலாம் என்பதே மாறிவிடும்.

கூடத்துக்குள் எப்போது போவது? ஒரு சூத்திரம் போல வைத்துக்கொள்ளலாம். பெரிய நட்சத்திரம் மேடையில் இருக்கும்போது விற்பனைக் கூடம் காலியாகும். வில்லியம் ஷாட்னர் மேடை ஏறும் நேரம் அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதே நேரத்தில் உங்கள் நடிகருக்கு மேடை நிகழ்ச்சியோ போட்டோ ஆப்போ இல்லையென்றால், அதுதான் உங்கள் நேரம். முதல் நாள் கூடம் திறந்த அரை மணி நேரமும் நல்லதே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் ஆள் இல்லாமல் போகலாம். கடைசி நாளான ஞாயிறு பிற்பகலை நம்பவே வேண்டாம். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் மூன்று மணிக்கே படங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

மேசையில் பணம் வாங்குவது நடிகர் இல்லை, பக்கத்தில் இருக்கும் உதவியாளர். என்ன வேண்டும் என்பதை அவரிடம் சொல்லி முடித்துவிட்டால், நடிகரின் முன்னால் காசுப் பேச்சே வராது. கையெழுத்துக்கு இவ்வளவு, மேசையில் கைபேசிப் படத்துக்கு இவ்வளவு, இரண்டும் சேர்த்தால் இவ்வளவு என்று எழுதி ஒட்டியிருக்கும். குணச்சித்திர நடிகர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 டாலர் வரை. மேடையின் பெரிய நட்சத்திரங்களுக்கு இது நூறைத் தாண்டும். கார்டு வாங்குபவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. 20 டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். சூதாட்டக்கூட ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் கடிக்கும். அதோடு, மேசையில் 100 டாலர் தாளை நீட்டினால் சில்லறைக்காக வரிசையே நிற்கும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேசையில் இருப்பவை 8க்கு 10 அங்குலப் பளபளப்புத் தாள் படங்கள். முதலில் பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, வெற்றிடத்தை. கையெழுத்து எங்கே விழும்? ஷ்ரான் படத்தில் முகமும் நீலம், உடை கறுந்தோல், பின்னணியும் இருட்டு. அதில் நீல மார்க்கரில் போட்டால் கையெழுத்து முகத்துக்குள் கரைந்து போகும், கறுப்பில் போட்டால் உடைக்குள் போகும். வெள்ளி நிறப் பெயிண்ட் மார்க்கர்தான் அங்கே நிற்கும். வேயூனின் வெளிறிய முகப் படத்தில் பின்னணி வெளிச்சமாக இருந்தால் கறுப்பு ஷார்பி மார்க்கரே அழகு. எந்த நிறம் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை, எல்லோரும் கேட்பதுதான். ஒட்டுத்தாள் ஒன்றைப் படத்தில் ஒட்டி அம்புக்குறி போட்டுக் காட்டினால் அந்த இடத்திலேயே போடுவார்கள்.

வெள்ளிப் பெயிண்ட் மார்க்கரைச் சொந்தமாகக் கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூடியோடு இருபது முப்பது தடவை குலுக்கி, வெறும் தாளில் முனையை அழுத்தி மை சீராக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே நடிகர் கையில் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தால் முதல் எழுத்திலேயே சொட்டு விழுந்து குளமாகும். வரிசையில் இருக்கும்போதே குலுக்கி, சோதித்து, தயாராக வைத்திருங்கள். பளபளப்புத் தாளில் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் தாவும், எழுத்து நடுவில் அறுந்தது போலத் தெரியும். அதனால் படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கை பட்டுவிட்டால் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. கையெழுத்து விழுந்ததும் உறைக்குள் திணிக்கக் கூடாது. ஷார்பிக்கு ஒன்றிரண்டு நிமிடம், பெயிண்ட் மார்க்கருக்கு ஐந்து நிமிடமாவது திறந்த நிலையில் காய வேண்டும். ஈரமாக உள்ளே போனால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். அதைத் திருத்த வழியே இல்லை.

சொந்தப் பொருளில் வாங்குவதாக இருந்தால், 'டீப் ஸ்பேஸ் நைன்' டிவிடி உறையின் அச்சிட்ட தாளை வெளியே உருவிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் உறை மேல் போட்ட கையெழுத்து சில மாதத்தில் தேய்ந்துவிடும். தொடரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள் (டிரேடிங் கார்டு) என்றால் பளபளப்புப் பூச்சின் மேல் மை வழுக்கும். வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து எடுத்துப் போவது சேகரிப்பாளர்களின் வழக்கம். அட்டையைக் கெட்டி உறையிலிருந்து முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மேசைக்கு வந்த பிறகு உறையைப் பிரிக்க மல்லுக்கட்டினால் பேச வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும்.

பெயர் எழுதிக் கொடுப்பது தமிழர்களுக்குத் தனி விஷயம். உதவியாளர் ஒட்டுத்தாளில் பெயரை எழுதித் தருவார், நடிகர் அதைப் பார்த்து அப்படியே எழுதுவார். காதால் கேட்டு உதவியாளர் எழுதினால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அழைக்கும் பெயரை மட்டும், இன்ஷியல் இல்லாமல் எழுதிய ஒட்டுத்தாளைக் கொண்டுபோங்கள். ழகரத்துக்கு இசட்-எச் போடும் யாழினி, எழில், கனிமொழி போன்ற பெயர்களைப் பார்த்ததும் நடிகர் நிமிர்ந்து எப்படிச் சொல்வது என்று கேட்பார். குரலை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இல்லையா, புதிய ஒலி என்றால் ஆர்வம் இருக்கும். பேச்சைத் தொடங்க இதைவிட இயல்பான வழி கிடைக்காது. பெயர் போட்டு வாங்கினால் விற்பனை மதிப்பு குறையும் என்பது உண்மை. விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெயர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் தயங்காமல் பெயரோடு வாங்கலாம். பெயர் இருக்கும் படம்தான் அந்தச் சந்திப்பு நடந்ததற்குச் சாட்சி.

இப்போது பேச்சு. கூட்டம் இல்லாத நேரத்தில் குணச்சித்திர நடிகரின் மேசையில் ஒன்றிரண்டு நிமிடம் தாராளமாகக் கிடைக்கும், பின்னால் யாரும் இல்லையென்றால் ஐந்து நிமிடம்கூட ஆகலாம். பெரிய நட்சத்திரத்திடம் கிடைப்பது பத்து வினாடி. இந்த வித்தியாசம்தான் இந்தப் பயணத்தின் மொத்தப் பயன். அதனால் ஒரே ஒரு கேள்வியைத் தீட்டி வைத்துக்கொண்டு போங்கள். "உங்களுக்குப் பிடித்த வேடம் எது" என்று கேட்டால் ஆயிரம் தடவை சொன்ன பதில் வரும். வேலையைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். ஷ்ரானின் தலையிலிருக்கும் உணர்கொம்புகள் நடிகரின் கட்டுப்பாட்டில் இல்லை. கேமராவுக்கு வெளியே ஒருவர் ரிமோட்டில் அசைத்தார். அப்படியானால் கோபத்தில் கொம்பு முன்னால் சாய்வதும் இவர் குரல் உயர்வதும் ஒரே நேரத்தில் எப்படிப் பொருந்தியது? ஒத்திகை பார்த்தார்களா, ஒருவரை ஒருவர் கவனித்துப் பழகினார்களா? வேயூனின் வணக்கத்தில் கை விரியும் விதம் எழுத்தில் இருந்ததா, அவரே கொண்டுவந்ததா? இரண்டு வேடம் வந்த அந்தப் பகுதியில் ஒரு ஒப்பனையைக் கழற்றி இன்னொன்றைப் போட்ட பிறகு குரலை எப்படித் திருப்பிப் பிடித்தார்? இவர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கோம்ஸ் 2009இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவாகத் தனியாள் நாடகம் போட்டவர். நாடகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அந்தக் கூடத்தில் குறைவு, அதனாலேயே அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரும்.

கேள்வியை முடித்து பதிலைக் கேளுங்கள். நடுவில் உங்கள் கோட்பாட்டைச் சொல்லத் தொடங்காதீர்கள். கைகுலுக்க நீங்களாக நீட்ட வேண்டாம், அவர் நீட்டினால் கொடுங்கள். 2020க்குப் பிறகு முஷ்டி தொடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். அனுமதி கேட்காமல் கைபேசியில் பதிவு செய்வது கூடவே கூடாது. மேசைப் படத்துக்கும் காசு உண்டு என்பதால் அது ஏமாற்று வேலையாகவும் பார்க்கப்படும். பரிசு கொடுக்க விரும்பினால் வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம். தெரியாதவர் கொடுத்த திறந்த உணவை அவர்கள் சாப்பிடுவதில்லை, அது அவமதிப்பு இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம் நல்லது. அதை உதவியாளரிடம் கொடுங்கள்.

போட்டோ ஆப் என்ற தனிப் படப்பிடிப்பு பற்றிச் சுருக்கமாக. தொழில்முறைக் கேமரா, நல்ல விளக்கு, நல்ல அச்சு. ஆனால் ஒருவருக்குப் பத்து வினாடிகூட இல்லை, பேச்சுக்கு இடமே கிடையாது. கண்ணாடி அணிந்தவர்கள் தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் விளக்கு எதிரொளிக்காது. பையை ஓர மேசையில் வைத்துவிட்டு, கையில் பொருள் ஏதாவது பிடிக்க வேண்டுமென்றால் முன்பே எடுத்து வைத்திருங்கள். அச்சு வந்ததும் அங்கேயே பாருங்கள். கண் மூடியிருந்தால் உடனே சொன்னால் மறுபடி எடுக்க வாய்ப்பு உண்டு, நடிகர் போய்விட்டால் அவ்வளவுதான். ஒற்றைக் குணச்சித்திர நடிகருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மேசைப் படமே போதும். விதிவிலக்கு, கூட்டுப் படம். ஆர்மின் ஷிமர்மன், மேக்ஸ் குரோடென்சிக், கோம்ஸ் போல ஒரே தொடரில் சேர்ந்து நடித்தவர்கள் ஒரே படத்துக்குள் நிற்கும் வாய்ப்பு அறிவிக்கப்பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். அதை மேசையில் ஏற்பாடு செய்துகொள்ள முடியாது.

மாலையில் நேரம் இருந்தால் ராட் பேக் நிகழ்ச்சி அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். கேசி பிக்ஸ், வான் ஆம்ஸ்ட்ராங், ஷிமர்மன், குரோடென்சிக், கோம்ஸ் ஆகியோர் தொடரைப் பற்றிய வரிகளைப் பழைய மெட்டுகளில் போட்டுப் பாடுவார்கள். இந்தத் தொடர்களில் ஒப்பனை இல்லாத முகத்தோடு இவர்களில் பலரை ரசிகர்கள் பார்த்ததே இல்லை. மேடையில் அவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பாடுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் மேசைக்குப் போனால் பேசுவதற்கு நேற்றைய பாட்டே இருக்கும்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் நாக் வேடத்தில் நடித்த ஆரன் ஐசன்பெர்க், ரசிகர்களோடு நின்று பேசுவதில் பெயர் பெற்றவர், 2019 செப்டம்பரில் 50 வயதில் மறைந்தார். அதே தொடரில் ஓடோவாக நடித்த ரெனே ஓபெர்ஷ்னுவா அதே ஆண்டு டிசம்பரில் போய்விட்டார். கோம்ஸ் பிறந்தது 1954இல்.

படத்தை ஊருக்கு எடுத்துப்போவது கடைசி வேலை. 8க்கு 10 அளவுக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் கூடத்தில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்க வேண்டாம். காய்ந்த படத்தை அதில் வைத்து, பின்னால் ஒரு அட்டை கொடுத்து, கைப்பையில் நிமிர்த்தி வையுங்கள். விமானத்தில் செக்-இன் செய்து அனுப்பும் பெட்டிக்குள் வேண்டாம். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத அட்டைச் சட்டம் ஒன்று இருந்தால் அந்த இடைவெளி கிடைக்கும், இல்லாவிட்டால் ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ மாட்டப் போகிறவர்கள் இதைக் கடைக்காரரிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மாட்டும் இடம் சன்னலுக்கு நேரெதிராக இருக்கக் கூடாது. நேரடி வெயிலில் ஷார்பி மை முதலில் பழுப்பாகி, பிறகு வெளுத்துப் போகும்.